லிப்ரெஆபிஸ் இறங்கவே மாட்டேன் என்கிறதா? வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும்

"மூணு நாளா மல்லுக்கட்டுறேன், ஒண்ணும் நடக்கல. இலவசம்னா இப்படித்தானா?" போனை எடுத்ததும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி இது. புது லேப்டாப்போடு வந்த மைக்ரோசாப்ட் ஆபிஸின் சோதனைக் காலம் முடிந்துவிட்டது. குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு திறக்கிறது, படிக்க முடிகிறது, ஆனால் ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் "லிப்ரெஆபிஸ் போடுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டான்.

நேரில் போய்ப் பார்த்தேன். அந்த மூன்று நாளில் இரண்டே முக்கால் நாள் தவறான பக்கத்திலும் தவறான கோப்பிலும் போயிருந்தது. சரியான கோப்பு கையில் வந்த பிறகு நிறுவ ஆனது ஆறேழு நிமிடம். இதே கதையைப் பலரிடம் பார்த்துவிட்டதால், அவர் கேட்டவற்றையும் மற்றவர்கள் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். மெனுப் பெயர்களை ஆங்கிலத் திரையில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

லிப்ரெஆபிஸ் என்பது என்ன? வேர்டு, எக்செல் எல்லாம் அதில் உண்டா?

அதே பெயரில் இல்லை, அதே வேலைக்கு உண்டு. வேர்டுக்கு ரைட்டர், எக்செலுக்கு கால்க், பவர்பாயின்ட்டுக்கு இம்ப்ரெஸ். இவை போக, படம் வரைய டிரா, தரவுத்தளத்துக்கு பேஸ், கணிதச் சூத்திரங்களுக்கு மேத். ஒரே கோப்பை நிறுவினால் ஆறும் வந்துவிடும். தனித்தனியாகத் தேட வேண்டாம்.

உண்மையிலேயே இலவசமா? டவுன்லோட் பட்டனை அழுத்தினால் பணம் கேட்கிறதே!

சித்தப்பா முதல் நாள் நின்ற இடம் இதுதான். பட்டனை அழுத்தியதும் நன்கொடை கேட்கும் பக்கம் ஒன்று திறக்கிறது. தொகைகள், கார்டு விவரம் என்று பார்த்தவர் பதறிப்போய் பிரவுசரையே மூடிவிட்டார். அதோடு பாதி இறங்கிய கோப்பும் நின்றுபோனது. மறுபடி முயன்றார், மறுபடி அதே பக்கம், மறுபடி மூடினார்.

அது வெறும் வேண்டுகோள். கோயில் வாசலில் இருக்கும் உண்டியல் மாதிரி. போட்டாலும் போடாவிட்டாலும் தரிசனம் உண்டு. அந்தப் பக்கம் திறக்கும்போதே பின்னால் கோப்பு தானாக இறங்கத் தொடங்கியிருக்கும். பிரவுசரின் மேல் மூலையில் கீழ்நோக்கிய அம்புக்குறி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இதை நடத்துவது ஜெர்மனியின் பெர்லினில் பதிவுபெற்ற தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அறக்கட்டளை. வீட்டுக்கு, கடைக்கு, அலுவலகத்துக்கு, எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம். சீரியல் எண் இல்லை, காலாவதி இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. எங்காவது "ஆக்டிவேஷன் கீ கொடு" என்று கேட்டால் நீங்கள் இறக்கியது லிப்ரெஆபிஸே இல்லை.

அப்படியென்றால் ஸ்டோரில் மட்டும் ஏன் விலை போட்டிருக்கிறது?

மைக்ரோசாப்ட் ஸ்டோரிலும் ஆப்பிளின் மேக் ஆப் ஸ்டோரிலும் இதே அறக்கட்டளை விலை வைத்தே தருகிறது. ஆப்பிள் ஸ்டோரில் 2022இல் 8.99 யூரோ என்று வைத்தார்கள். அந்தப் பணம் திட்டத்துக்குப் போகிறது. ஸ்டோர் வழியாகப் போட்டால் புதுப்பிப்பு தானாக வரும் என்பது அதில் உள்ள வசதி. மென்பொருள் அதேதான். அதிகாரப்பூர்வ தளத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கிறது.

லிப்ரெஆபிஸா, ஓப்பன்ஆபிஸா? எங்கள் பாடப்புத்தகத்தில் ஓப்பன்ஆபிஸ் என்று இருக்கிறது.

தமிழ்நாட்டு மேல்நிலை மாணவர்களிடமிருந்து அடிக்கடி வருகிற கேள்வி இது. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்திட்டம் ஓப்பன்ஆபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸை வைத்து எழுதப்பட்டது. அதனால் பிள்ளைகள் அந்தப் பெயரைத் தேடி இறக்குகிறார்கள்.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஸ்டார் டிவிஷன் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் ஸ்டார்ஆபிஸை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. மறு ஆண்டே அதன் மூலநிரலைத் திறந்துவிட்டு ஓப்பன்ஆபிஸைத் தொடங்கியது. 2010இல் சன் நிறுவனமே ஆரக்கிள் கைக்குப் போனது. இனி என்ன ஆகுமோ என்ற கவலையில் அந்த ஆண்டு செப்டம்பரில் நிரலாளர்களில் ஒரு பெரும்பகுதி பிரிந்துவந்து லிப்ரெஆபிஸைத் தொடங்கினார்கள். ஆரக்கிள் 2011இல் ஓப்பன்ஆபிஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டது. பெரிய பதிப்பு என்று அங்கே கடைசியாக வந்தது 2014இல், 4.1. அதன்பிறகு வருவதெல்லாம் அதன் ஒட்டுவேலைகள்தான்.

என் தீர்ப்பு: லிப்ரெஆபிஸையே போடுங்கள். ஒரு காரணம் போதும். வேர்டின் டாக்ஸ் வடிவக் கோப்பை ஓப்பன்ஆபிஸ் திறக்கும், ஆனால் டாக்ஸாகச் சேமிக்காது. வேலைக்கு விண்ணப்பம் அனுப்புகிறவருக்கு அது ஒன்றே பெரிய தலைவலி. பாடத்தில் சொல்லும் மெனுக்களில் பெரும்பாலானவை லிப்ரெஆபிஸிலும் அதே பெயரில் இருப்பதால் செய்முறைப் பயிற்சிக்கு இடைஞ்சல் வராது. ஆய்வகக் கணினியில் எது இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டால் தேர்வன்று திகைக்க வேண்டியிருக்காது.

எங்கிருந்து இறக்குவது? தேடினால் ஏகப்பட்ட தளங்கள் வருகின்றன.

தேடாதீர்கள். முகவரியை நேரடியாகத் தட்டுங்கள்: லிப்ரெஆபிஸ் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து, புள்ளி வைத்து, ஓ, ஆர், ஜி. முடிவில் வருவது காம் இல்லை, ஓஆர்ஜி.

தேடல் பக்கத்தில் முதலில் நிற்பது பல நேரம் விளம்பரம். அந்தத் தளங்களுக்குள் போனால் ஒரே திரையில் நாலு பச்சைப் பட்டன் இருக்கும், நாலிலும் "டவுன்லோட்" என்று எழுதியிருக்கும், அதில் மூன்று வேறு எதையோ இறக்கும். சித்தப்பாவின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் ஒரு பிடிஎஃப் மாற்றி, ஒரு "டிரைவர் அப்டேட்டர்", ஒரு பிரவுசர் நீட்சி என்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. லிப்ரெஆபிஸ் மட்டும் இல்லை. அவற்றை நீக்கவே அரை மணி நேரம் ஆனது.

பட்டியலில் பல கோப்புகள் உள்ளன. என்னுடையது எது?

விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் பெரும்பாலும் 64 பிட். உறுதி செய்ய, செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் "சிஸ்டம் டைப்" வரியைப் படியுங்கள். அங்கே ஆர்ம் என்று இருந்தால் அதற்கான கோப்பு பட்டியலில் தனியாக இருக்கிறது.

பதிப்பு எண்கள் 2024இலிருந்து ஆண்டையும் மாதத்தையும் காட்டுகின்றன. 24.2 என்றால் 2024 பிப்ரவரியை ஒட்டியது, 25.8 என்றால் 2025 ஆகஸ்ட். சில நேரம் பக்கத்தில் இரண்டு பதிப்புகள் தெரியும். எண்ணில் பெரியது புதிய வசதிகளோடு வந்தது, சிறியது சில மாதம் புழங்கிப் பிழைகள் குறைந்தது. அலுவலக வேலைக்கு நான் சிறியதையே போடுவேன்.

மேக்கில் கவனம் தேவை. எம்1, எம்2 போன்ற ஆப்பிள் சில்லு உள்ளவற்றுக்கு ஒரு கோப்பு, பழைய இன்டெல் மேக்குக்கு வேறு கோப்பு. ஆப்பிள் மெனுவில் "அபவுட் திஸ் மேக்" பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்கள் மெனுவில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 7. "இயங்காது" என்கிறது.

25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஆதரவு நின்றுவிட்டது. 25.2 வரை ஓடும். டவுன்லோட் பக்கத்தில் கீழே பழைய பதிப்புகளின் காப்பகத்துக்கு இணைப்பு இருக்கிறது, அங்கிருந்து எடுங்கள்.

விண்டோஸ் 7இல் இன்னொரு தொல்லையும் உண்டு. நிறுவியபின் திறந்தால், "ஏபிஐ எம்எஸ் வின் சிஆர்டி" என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று சொல்லும். உடனே அந்தக் கோப்பின் பெயரைத் தேடி, கண்ட தளத்திலிருந்து டிஎல்எல் இறக்காதீர்கள். மைக்ரோசாப்ட் தரும் யுனிவர்சல் சி ரன்டைம் புதுப்பிப்பு, கேபி 2999226, கணினியில் இல்லை என்பதுதான் அதன் பொருள். அதை மைக்ரோசாப்ட் தளத்திலிருந்தே எடுத்துப் போட்டால் சரியாகிவிடும்.

பாதியிலேயே நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டியிருக்கிறது.

விண்டோஸ் கோப்பு சுமார் 350 எம்பி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறவர்கள் அன்றைய டேட்டா எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். போன் திரை அணைந்ததும் ஹாட்ஸ்பாட் நின்றுபோவதும் வழக்கம். போனைச் சார்ஜில் போட்டு லேப்டாப் பக்கத்திலேயே வையுங்கள்.

நின்றுபோனால் அழித்துவிடாதீர்கள். கண்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்தினால் டவுன்லோட் பட்டியல் வரும். அதில் "ரெஸ்யூம்" இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதுவும் அடிக்கடி தோற்றால் அதே பக்கத்தில் டாரன்ட் இணைப்பு இருக்கிறது. டாரன்ட் என்றதும் திருட்டுப் படம் நினைவுக்கு வரும், ஆனால் இங்கே அது அறக்கட்டளையே தரும் வழி. துண்டு துண்டாக இறங்குவதால் பத்து முறை அறுந்தாலும் சேர்ந்துவிடும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால், நல்ல இணையம் உள்ள யாராவது ஒருவரிடம் பென் டிரைவைக் கொடுங்கள். முழுக் கோப்பும் ஒன்றே என்பதால் நிறுவும்போது இணையமே தேவையில்லை. சட்டப்படியும் தடையில்லை. நான் என் பையில் ஒரு பென் டிரைவை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

கோப்பு இறங்கிவிட்டது. இரட்டைக் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை.

முதலில் கோப்பின் பெயரையும் அளவையும் பாருங்கள். பெயர் லிப்ரெஆபிஸ் என்று தொடங்கி, பதிப்பு எண் வந்து, எம்எஸ்ஐ என்று முடிய வேண்டும். "அன்கன்ஃபர்ம்ட்" என்று தொடங்கினாலோ, சிஆர்டவுன்லோட் என்று முடிந்தாலோ, அது குரோம் இன்னும் இறக்கி முடிக்காத பாதிக் கோப்பு. பெயரை மாற்றி எம்எஸ்ஐ ஆக்கிப் பார்க்கிறவர்களும் உண்டு. அரிசி பாதி வெந்திருக்கும்போது சட்டியின் மூடியை மாற்றினால் சோறு ஆகிவிடுமா?

பெயரும் அளவும் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், நான் பார்த்த காரணங்கள் இவை.

உங்கள் விண்டோஸ் "எஸ் மோடு" என்ற பூட்டில் இருக்கலாம். விலை குறைந்த புது லேப்டாப்கள் சிலவற்றில் இது வரும். ஸ்டோரில் இருப்பதைத் தவிர வேறெதையும் நிறுவ விடாது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய் எஸ் மோடிலிருந்து வெளியே வரலாம். அதற்குப் பணமில்லை. ஆனால் ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது.

"வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது" என்று வந்தால், சில நேரம் அதில் 1618 என்ற எண்ணும் இருக்கும், விண்டோஸ் பின்னணியில் எதையோ புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் அதே செய்தி என்றால் "ஷட் டவுன்" செய்யாமல் "ரீஸ்டார்ட்" கொடுங்கள். இப்போதைய விண்டோஸில் ஷட் டவுன் என்பது முழுத் தூக்கமில்லை, அரைத் தூக்கம். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகத் தொடங்கும்.

அலுவலகக் கணினி என்றால் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும். அது உங்களிடம் இல்லையென்றால் குறுக்கு வழி தேட வேண்டாம். கணினிப் பிரிவில் சொல்லி வாங்குங்கள்.

"இந்தச் செயலி கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கவா?" என்று கேட்கிறது. பயமாக இருக்கிறது.

பயந்தது நல்லதுதான், ஆனால் அந்தப் பெட்டியைப் படியுங்கள். "வெரிஃபைடு பப்ளிஷர்" என்ற இடத்தில் தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்று இருந்தால் "யெஸ்" கொடுக்கலாம். "அன்னோன்" என்றோ வேறு பெயரோ இருந்தால் "நோ" கொடுத்துவிட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள். பல நேரம் இந்தப் பெட்டி மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிறுவல் நடுவில் உறைந்த மாதிரி தெரிந்தால், திரையின் அடியில் கேடய வடிவக் குறி ஒன்று மின்னுகிறதா பாருங்கள். அதை அழுத்தினால் பெட்டி முன்னால் வரும். சித்தப்பா வீட்டிலும் கடைசியில் காத்துக்கொண்டிருந்தது இந்தக் கேடயம்தான்.

நிறுவும்போது எதைத் தேர்ந்தெடுப்பது? தமிழில் மெனு வருமா?

"டிபிகல்", "கஸ்டம்" என்று இரண்டு வழி காட்டும். அவசரம் என்றால் டிபிகல்.

மெனு தமிழில் வேண்டும் என்றால் கஸ்டம். அதில் "யூசர் இன்டர்ஃபேஸ் லாங்குவேஜஸ்" கிளையைத் திறந்தால் நீளமான மொழிப் பட்டியல் வரும். தமிழுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அதை அழுத்தி, வன்தட்டில் நிறுவு என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கோப்பில் எல்லா மொழிகளும் உள்ளேயே இருப்பதால் தனியாக எதுவும் இறக்க வேண்டாம். மேக்கில் மொழித் தொகுப்பு தனிக் கோப்பு. உபுண்டுவில் அது தனிப் பொதி.

பிறகு லிப்ரெஆபிஸைத் திறந்து டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் அண்ட் லோகேல்ஸ் போய் யூசர் இன்டர்ஃபேஸ் வரியில் தமிழை வைத்து, மூடித் திறந்தால் மெனு மாறிவிடும். மொழிபெயர்ப்பு தொண்டர்கள் செய்தது. நடுநடுவே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். கணினிக்குப் புதிதான பெரியவர்களுக்கு இது மிகவும் உதவுகிறது. ஆங்கில மெனுவுக்குப் பழகியவர்கள் "வடிவூட்டு" என்பது எதுவென்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

கடைசித் திரையில் "கணினி தொடங்கும்போதே ஏற்று" என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் அதை டிக் செய்யாதீர்கள். வன்தட்டில் 1.5 ஜிபி இடம் காலியாக இருந்தால் நிறுவலுக்குப் போதும்.

முடிந்துவிட்டது என்கிறது. ஆனால் திறந்தால் படம் மட்டும் தோன்றி மறைகிறது.

தொடக்கப் படம் வந்து, பட்டை ஓடி, பிறகு எதுவும் இல்லை. இதற்காக அழித்து மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு, அதனால் பலன் இருக்காது. கோளாறு பெரும்பாலும் உங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் கோப்புறையில் இருக்கும். லிப்ரெஆபிஸை நீக்கினாலும் அந்தக் கோப்புறை அப்படியே தங்கிவிடும்.

ஸ்டார்ட் மெனுவில் லிப்ரெஆபிஸ் என்று தட்டினால் "சேஃப் மோடு" என்றும் ஒன்று வரும். அதைத் திறந்தால் ஒரு பெட்டியில் சில வழிகள் தரும். முதலில் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்தும் வழியை முயலுங்கள். பழைய கிராபிக்ஸ் டிரைவர்களோடு வரும் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். இல்லையென்றால் "ரீசெட் டு ஃபேக்டரி செட்டிங்ஸ்". உங்கள் ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் செய்த அமைப்புகள் மட்டும் போகும்.

ஜாவா இல்லை என்று சொல்கிறது.

பேஸ் பயன்படுத்தவும் சில வழிகாட்டிகளை ஓட்டவும் மட்டும் ஜாவா வேண்டும். கடிதம், கணக்கு, ஸ்லைடு எதற்கும் தேவையில்லை. செய்தியை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள்.

பழைய மைக்ரோசாப்ட் ஆபிஸை நீக்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். ஆனால் காலாவதியான சோதனைப் பதிப்பை வைத்திருந்தால், கோப்பை இரட்டைக் கிளிக் செய்யும்போதெல்லாம் அதுதான் முந்திக்கொண்டு திறந்து பணம் கேட்கும். கோப்பின் மேல் வலது கிளிக், ஓப்பன் வித், சூஸ் அனதர் ஆப் என்று போய் லிப்ரெஆபிஸைத் தேர்ந்தெடுத்து "ஆல்வேஸ்" கொடுங்கள். டாக்ஸுக்கு ஒருமுறை, எக்ஸ்எல்எஸ்எக்ஸுக்கு ஒருமுறை, பிபிடிஎக்ஸுக்கு ஒருமுறை.

அப்புறம் இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் புது லேப்டாப் விற்கும்போது "ஆபிஸ் போட்டுத் தருகிறோம்" என்று முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, பூட்டு உடைத்த பதிப்பைப் போட்டுக் கொடுத்தார்கள். அதை ஏற்றுவதற்காக வைரஸ் காவலையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். வாங்கியவருக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் கணினியில் இருப்பது அந்த ரகம் என்றால் அதை மட்டும் அவசியம் நீக்குங்கள்.

நான் அனுப்பிய கோப்பு மற்றவர்களுக்குத் திறக்கவில்லை. ஓடிடி என்று வருகிறதாம்.

லிப்ரெஆபிஸின் சொந்த வடிவம் ஓடிடி. 2006இலிருந்து சர்வதேசத் தரம், ஐஎஸ்ஓ 26300. வேர்டும் அதைத் திறக்கும். ஆனால் அவசரத்தில் வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்க்கிறவரிடம் ஐஎஸ்ஓ எண்ணைச் சொல்லி என்ன பயன்?

டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் ஸ்லாஷ் சேவ், ஜெனரல் போங்கள். கீழே "ஆல்வேஸ் சேவ் ஆஸ்" என்ற இடத்தில் வேர்டு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் ஆவண வகையை மாற்றி எக்செலுக்கும் செய்யுங்கள். இனி ஒவ்வொரு முறையும் கேட்காது. படிக்க மட்டும் அனுப்புவதென்றால் மேலே இருக்கும் பிடிஎஃப் பட்டனை அழுத்தி அதை அனுப்புங்கள், எழுத்துரு கலையாது.

வேர்டில் ஒரு பக்கமாக இருந்தது இங்கே ஒன்றேகால் பக்கம் ஆகிறது.

எழுத்துரு இல்லாததுதான் காரணம். கலிப்ரி உங்கள் கணினியில் இல்லையென்றால் அதே அகலமுள்ள கார்லிட்டோவை லிப்ரெஆபிஸ் போட்டுக்கொள்ளும், வரிகள் பெரும்பாலும் மாறாது. இப்போதைய வேர்டில் இயல்பாக வரும் ஆப்டோஸுக்கு அப்படி ஒரு ஜோடி கூடவே வருவதில்லை, அதனால் வரி தள்ளிப்போகும். அனுப்புகிறவரிடம் வேறு எழுத்துருவில் கேளுங்கள். ரெஸ்யூமே மாதிரி ஒரு மில்லிமீட்டரும் நகரக் கூடாதவற்றைப் பிடிஎஃபாக வைத்துக்கொள்வதே நல்லது.

தமிழ் எழுத்து ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது, இல்லையென்றால் எழுத்துருவை மாற்றினாலும் மாறாமல் நிற்கிறது.

இரண்டும் வேறு வேறு நோய்.

குப்பை மாதிரி ஆங்கில எழுத்தும் குறிகளும் தெரிந்தால், அந்த ஆவணம் யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருவில் தட்டப்பட்டது. இலங்கையில் பாமினி, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தாலும் பழைய கோப்புகள் அப்படியே இருக்கின்றன, புதியவையும் அதே எழுத்துருவில் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. இது லிப்ரெஆபிஸின் குற்றமில்லை, வேர்டிலும் இப்படியேதான் தெரியும். அந்த எழுத்துருவை நிறுவுங்கள், அல்லது எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்குங்கள்.

யூனிகோடில் தட்டியும் எழுத்து மாறவில்லை, அளவு கேட்பதில்லை என்றால் அது வேறு கதை. லிப்ரெஆபிஸ் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கு வேறு எழுத்துரு என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. அந்த இரண்டாம் கணக்குக்கு சிடிஎல் என்று பெயர். ஒரு பாணியில் ஆங்கில எழுத்தை 14 புள்ளியாக மாற்றினால் தமிழ் 12இலேயே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் கணினியைத் தூக்கிப்போட நினைப்பது இங்கேதான்.

ஆப்ஷன்ஸில் லாங்குவேஜஸ் பகுதியில் "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" பெட்டியை டிக் செய்து மொழியைத் தமிழாக வையுங்கள். பிறகு அதே ஆப்ஷன்ஸில் லிப்ரெஆபிஸ் ரைட்டர் கிளையில் "பேசிக் ஃபான்ட்ஸ்" என்பதில் சிடிஎல் என்று அடைப்பில் போட்டது தனியாகத் தெரியும். அங்கே நிர்மலா யூஐ, லதா, அல்லது உங்களுக்குப் பிடித்த யூனிகோடு எழுத்துருவையும் அளவையும் வையுங்கள். இனி திறக்கும் புது ஆவணங்கள் எல்லாம் அதில் வரும்.

தட்டச்சுக்கு விண்டோஸ் 10, 11இலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் பழகியவர்கள் அதையே தொடரலாம்.

பார்க்கவே பழசாக இருக்கிறது. வேர்டு மாதிரி மாற்ற முடியாதா?

வியூ, யூசர் இன்டர்ஃபேஸ், அதில் "டேப்டு". வேர்டின் ரிப்பன் சாயல் வந்துவிடும். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது இந்த ஒரு மாற்றத்துக்குத்தான், மற்றதையெல்லாம் அவர் பொருட்படுத்தவே இல்லை.

புதுப்பிப்பு எப்படி?

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பெரிய பதிப்புகள், நடுவில் பிழைதிருத்தங்கள். விண்டோஸில் அறிவிப்பு வந்தால் புது எம்எஸ்ஐயை இறக்கிப் பழையதன் மேலேயே நிறுவலாம். முன்னதை நீக்க வேண்டாம், அமைப்புகளும் போகாது.

போனில் கிடைக்குமா?

ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கொலாபரா ஆபிஸ் என்ற செயலி இருக்கிறது. லிப்ரெஆபிஸின் அதே அடித்தளத்தில் கட்டியது. சின்னத் திருத்தங்களுக்குப் போதும்.

எல்லாம் செய்தும் வரவில்லை. உதவி எண் ஏதாவது இருக்கிறதா?

இல்லை, அப்படி ஒரு எண் இணையத்தில் கண்ணில் பட்டால் அது மோசடி. கூப்பிட்டால் அன்பாகப் பேசி, தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியைப் போடச் சொல்வார்கள், கொஞ்ச நேரத்தில் வங்கிக் கணக்கு வரை வந்துவிடுவார்கள். லிப்ரெஆபிஸ் தளத்திலேயே "ஆஸ்க்" என்ற கேள்வி பதில் பகுதி இருக்கிறது. அங்கே தொண்டர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேட்கும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: விண்டோஸ் பதிப்பு, இறக்கிய கோப்பின் முழுப்பெயர், திரையில் வந்த செய்தி எழுத்துக்கு எழுத்து. "ஏதோ எரர் வந்தது, ஓகே கொடுத்துட்டேன்" என்றால் யாராலும் உதவ முடியாது. எழுதிக்கொள்ளச் சோம்பல் என்றால் ஓகே கொடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.